மலைமுகட்டில் காற்றாலை வரலாமா? மவுண்ட் ஃபேபரில் தமிழில் ஒரு வழிகாட்டி நடை

சிங்கப்பூரின் மவுண்ட் ஃபேபர் மலையில் ஏறி ஹோர்ட்பார்க் பூங்காவில் இறங்கும் இந்த நடையை முழுக்கத் தமிழில் நடத்துகிறார்கள். ஆளுக்கு 30 வெள்ளி, மூத்தோருக்கு 22. காலை ஏழரைக்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி வாசலில் கூடினால் பதினொன்றரை வாக்கில் முடிந்துவிடும். பறவை காட்டி, மரத்தின் பெயர் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கமான நடை என்று நினைத்துப் போகாதீர்கள். வழி நெடுக ஒரே கேள்விதான்: மக்கள் நடக்கப் போகும் பொதுக் காட்டின் முகட்டில் காற்றாலை நிறுத்தலாமா, நிறுத்தினால் எப்படி?

போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போங்கள் என்பேன். குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

வழிகாட்டி ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண். கணவரின் வேலை காரணமாக அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சில வருடங்கள் இருந்தவர். அங்கே கிரீன் மவுண்டன் தேசியக் காட்டின் பாதைகளில் நடந்து பழகியவர். அந்தக் காட்டின் தென்பகுதியில், சாலை 8-க்கு இருபுறமும் உள்ள முகடுகளில் டீர்ஃபீல்ட் காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தம் 15, சேர்த்து 30 மெகாவாட். 2012-இல் வனத்துறை அனுமதி தந்தது, 2017 கடைசியில்தான் ஓடத் தொடங்கின. அமெரிக்காவின் தேசியக் காட்டு நிலத்தில் முதன்முதலாக வந்த பெரிய காற்றாலைகள் இவைதான். பக்கத்திலேயே, காட்டுக்கு வெளியே, சர்ஸ்பர்க் என்ற ஊரில் 1997-இலிருந்து 11 சிறிய காற்றாலைகள் இருந்தன. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் காற்றாலை புதிதில்லை. காட்டுக்குள் வருவதுதான் புதிது. அவர் சொல்வதெல்லாம் அங்கே நடந்து பார்த்து, ஊர்க்காரர்களோடு பேசித் தெரிந்துகொண்டவை. கேட்கும்போதே அது தெரிந்துவிடுகிறது.

நானும் கொஞ்சம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை வைத்த கேபினில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தே ஆயுசில் பாதி போயிற்று. உயரம், காற்று, நீளமான சுமை இந்த மூன்றைப் பற்றியும் யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. இந்த அம்மா தப்பாக எதுவும் பேசவில்லை.

மராங் பாதைப் படிகளில் ஏறி ஃபேபர் பாயிண்ட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஆளுக்கொரு பிளாஸ்டிக் ரூலர் கொடுத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் 60 சென்டிமீட்டர் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் நுனியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்திக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை ரூலரை முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். "அண்ணே, ஒரு கண்ணை மூடிக்குங்க. பினக்கல் தெரியுதா? எத்தனை சென்டி இருக்குன்னு பாருங்க" என்றார். பினக்கல் அட் டக்ஸ்டன் 50 மாடி, 156 மீட்டர். நாங்கள் நின்ற இடத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர். அடிப்பகுதியை மரங்கள் மறைத்துவிட்டன. தெரிந்த வரைக்கும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் வந்தது.

அப்புறம் கணக்கைச் சொன்னார். டீர்ஃபீல்ட் காற்றாலை ஒன்று, இறக்கையின் நுனி மேலே நிற்கும்போது, சுமார் 120 மீட்டர். நம் 40 மாடி வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக் அளவு. நாங்கள் நின்ற மவுண்ட் ஃபேபரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 105 மீட்டர்தான். 120 மீட்டர் காற்றாலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றால் ரூலரில் 3.6 சென்டிமீட்டர். ஆறு கிலோமீட்டர் தள்ளி நின்றால் 1.2. ஐந்நூறு மீட்டரில் நின்றால் 14 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். இன்று ஐரோப்பாவில் வைப்பவை 200 மீட்டரையும் தாண்டுகின்றன. அந்த எண்களை எங்களையே கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். "பெரிசா தெரியும்", "ஒண்ணும் தெரியாது" என்று வாதாடுவதற்குப் பதிலாக எல்லார் கையிலும் ஒரே அளவுகோல். ஒரு திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கும் எந்தக் கூட்டத்திலும் வாசலிலேயே இந்த ரூலரைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ரூலர் சொல்லாத ஒன்று உண்டு, அதையும் அவரே சொன்னார். கட்டடம் அசையாது, காற்றாலை சுற்றும். அசைவது எதுவோ அதன் மேல்தான் கண் போகும். இது எனக்கு அனுபவத்தில் தெரிந்தது. வரிசையாக நிற்கும் கிரேன்களில் எது நகர்கிறதோ அதுதான் முதலில் கண்ணில் படும். இரவில் இன்னொரு தொல்லை: அமெரிக்காவில் 200 அடிக்கு மேல் உள்ளவற்றுக்கு விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு தேவைப்படும். இருட்டுக்காகவே காட்டில் கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்கு அது ராத்திரி முழுக்க மின்னும். விமானம் நெருங்கும்போது மட்டும் விளக்கு எரியும் ரேடார் வசதி இப்போது வந்துவிட்டது. வைப்பவர் செலவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஃபேபர் யார் என்பதையும் சொன்னார். சார்ல்ஸ் எட்வர்ட் ஃபேபர், மெட்ராஸ் பொறியாளர் படையின் கேப்டன். மேலே கொடிமர நிலையம் வைப்பதற்காக இந்த மலைக்குப் பாதை வெட்டினார். அதுவரை தெலுக் பிளாங்கா மலை என்றிருந்த இதற்கு 1845-இல் அவர் பெயர் வந்தது. முகட்டுக்கு முதலில் சாலை போகும், பின்னால்தான் மற்றதெல்லாம் போகும் என்பதற்கு நம் ஊர் உதாரணம்.

சிங்கப்பூரில் ஏன் யாரும் இப்படி ஒரு திட்டம் போடவில்லை என்ற கேள்வி இங்கே வந்தது. நம் சராசரிக் காற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டர்தான். வணிகக் காற்றாலை ஒழுங்காக ஓட 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு. அதனால்தான் கொஞ்சம் கூடுதல் காற்றுக்காக முகட்டுக்கு ஓடுகிறார்கள். நான் குறுக்கிட்டு, விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்றைப் பற்றிச் சொன்னேன். அது வரும்போது கிரேனில் காற்றளவி அலறும், வேலையை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவோம். ஒரு மணி நேரத்தில் போய்விடும். அந்த மாதிரிக் காற்றை நம்பி மின்சாரம் எடுக்க முடியாது. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

குழுவில் நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். "எங்க ஊருல ஆரல்வாய்மொழில ஆயிரக்கணக்குல நிக்குது, யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊருக்குப் போய்வந்த நம்மில் பலர் திருநெல்வேலி சாலையில் அவற்றைப் பார்த்திருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வருகிற இடம் அது. பெரும்பாலும் மலைக்குக் கீழே, ஏற்கெனவே சாலையும் வயலும் உள்ள சமவெளியில் நிற்கின்றன. முகடு அப்படி இல்லை. அங்கே முதலில் போக வேண்டியது சாலை.

இந்தச் சாலை விஷயத்துக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம். காற்றாலைக் கோபுரம் நிற்க வேண்டிய இடம் சின்னதுதான். ஆனால் இறக்கை ஒரே துண்டாக வருகிறது, நாற்பது ஐம்பது மீட்டர். அதை ஏற்றிய வண்டி மலையில் திரும்ப வேண்டுமென்றால் வளைவை எவ்வளவு அகலமாக வெட்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே போனதும் பெரிய கிரேன் நிற்கச் சமதளம் வேண்டும். சாய்வான தரையில் கிரேன் நிற்காது, ஒரு டிகிரி கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் பாறையை வெடி வைத்து உடைத்து, உடைத்த கல்லையே பள்ளத்தில் நிரப்பி மட்டமாக்குவார்கள். வெர்மான்டின் லோவல் மலையில் 2011-இல் அப்படித்தான் வெடி வைத்தார்கள். தடுக்க வேண்டும் என்று பக்கத்து நிலத்தில் மக்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2012-இல் 21 காற்றாலைகள், 63 மெகாவாட், ஓடத் தொடங்கின. ஓடைகள் பிறப்பது முகட்டின் மண்ணில்தான். மழைநீர் மெதுவாக இறங்கிய இடத்தில் சரளைச் சாலை வந்தால் தண்ணீர் வேறு மாதிரி ஓடும். காற்றாலையை 25 வருடம் கழித்துக் கழற்றிக் கொண்டுபோகலாம். வெடித்த பாறையைத் திரும்ப வைக்க முடியாது. காற்றாலை வேண்டாம் என்று சொல்பவர்களின் வாதங்களில் என்னை அசைத்தது இந்த ஒன்றுதான்.

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில்தான் நடையின் சிறந்த பகுதி. சாலைக்கு 36 மீட்டர் மேலே, 274 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைகள் அலை அலையாக வளைந்திருக்கும் பாலம். நாங்கள் போனது நவம்பரில். வடக்கிலிருந்து வரும் தேன்பருந்துகள் இந்த வழியாகப் போகும் காலம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஒன்று வந்தது. சிறகை அடிக்கவே இல்லை. முகட்டின் மேல் ஒரு வட்டம், கொஞ்சம் உயரம், மறுபடி ஒரு வட்டம், அப்புறம் தெற்கே சரிந்து போய்விட்டது. "காத்து மலையில முட்டி மேல ஏறுது. அதுல ஏறித்தான் அது போகுது. காற்றாலைக்காரங்களும் அதே காத்துக்குத்தான் அதே முகட்டுக்கு வர்றாங்க" என்றார் அவர். பறவைக்கும் காற்றாலைக்கும் ஏன் தகராறு வருகிறது என்று நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்றுதான் உறைத்தது. வெர்மான்டில் பட்னி மலையில் இதே மாதிரி இலையுதிர் காலத்தில் பருந்து எண்ண ஆட்கள் உட்காருகிறார்களாம்.

இப்போது தெலுக் பிளாங்கா மலை என்று சொல்லப்படும் பக்கத்து மலைப் பக்கம் இறங்கும்போது தியுப் தியுப் மரத்தைக் காட்டினார். பழைய தோட்டங்கள் கைவிடப்பட்டு மண் சத்திழந்த இடத்தில் முதலில் வளர்ந்து காட்டை மீட்டுக்கொடுக்கும் மரம் அது. அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது வௌவால்கள். அங்கிருந்து பேச்சு வௌவாலுக்குப் போயிற்று. காற்றாலைகளில் வௌவால்கள் அதிகம் சாவது காற்று குறைவாக உள்ள இரவுகளில். பென்சில்வேனியாவில் ஒரு முகட்டில் 2008, 2009 இரண்டு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். மெல்லிய காற்றில் இறக்கையைச் சுற்றவிடாமல் நிறுத்தி வைத்தால் சாவு 44-இலிருந்து 93 விழுக்காடு வரை குறைந்தது. வருடத்து மின்சாரத்தில் இழப்பு ஒரு விழுக்காடு கூட வராது. இவ்வளவு மலிவான தீர்வு இருக்கும்போது அதை ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு காற்றாலைக்கும் அனுமதி தரக்கூடாது.

ஃபாரஸ்ட் வாக் என்ற இரும்பு நடைபாலத்தில் நின்று அவர் காட்டிய ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். வெர்மான்டின் பீச் (beech) மரத்தின் பட்டை வழவழப்பாக, சாம்பல் நிறத்தில். அதில் ஐந்தைந்தாகக் கறுத்த கோடுகள், கீழிருந்து மேலே போகின்றன. இலையுதிர் காலத்தில் பீச் கொட்டைக்காகக் கரடி ஏறிய நகத் தழும்புகள். பட்டை வளர வளரத் தழும்பும் அகலமாகிறது. குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் கரடிக்குக் கொழுப்பு சேர்வது இந்த மரங்களில்தான். டீர்ஃபீல்ட் காற்றாலைகளுக்கு எதிரான வழக்கில் பெரிய சச்சரவே இந்த மரங்களைப் பற்றித்தான். அந்தப் படத்தை ஒட்டி ஹேஸ்டாக் மலையுச்சியிலிருந்து எடுத்த இன்னொரு படம்: கீழே குளம், சுற்றிலும் காடு, தூரத்து முகட்டில் வெள்ளைக் குச்சிகள். சிலர் அழகாக இருக்கிறது என்றார்கள். என் மனைவி பார்த்துவிட்டு, "குளத்தைப் பார்க்கவே முடியலையே, கண்ணு அங்கேயே போகுது" என்றாள்.

தெலுக் பிளாங்கா மலையின் படிக்கட்டுத் தோட்டத்தில் நடத்தியது விவாதம். குழுவை நான்காகப் பிரித்தார்: நடப்பவர்கள், மின்நிறுவனம், ஊர்க்காரர்கள், வனத்துறை. பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் மின்நிறுவனத்துக்காகப் பேசினான். "அங்கிள், நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட்ல கிட்டத்தட்ட 95 விழுக்காடு கேஸ் எரிச்சு வர்றது. காட்டைக் காப்பாத்தணும்னு சொல்றவங்க அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று நேராக என்னைக் கேட்டான். அவன் கேட்டது சரி. கேஸ் எரிப்பதால் உலகம் சூடாகச் சூடாக அந்த வெர்மான்ட் காடே மாறிவிடும், பீச் மரமும் தப்பாது. தெங்கே நீர்த்தேக்கத்தில் நாம் 45 ஹெக்டர் தண்ணீரை மூடி 60 மெகாவாட் சூரியத் தகடு மிதக்கவிட்டிருக்கிறோம். எல்லா மின்சாரத்துக்கும் ஓர் இடம் வேண்டும்.

நமக்கு இடம் இல்லாததால் 2035-க்குள் 6 கிகாவாட் வரை வெளியிலிருந்து வாங்கப்போகிறோம். லாவோஸின் நீர்மின்சாரம் 2022-இலிருந்தே தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் அளவுக்கு வரத் தொடங்கியது. வியட்நாமின் கடற்காற்று மின்சாரத்துக்கு 2023-இல் நிபந்தனையோடு ஒப்புதல் தந்தார்கள். நாளை வேறு ஏதோ ஒரு நாட்டின் முகட்டிலிருந்தும் வரலாம். அங்கே நடக்கிறவர்களையும், அந்தக் காட்டில் பிழைக்கிறவர்களையும் யாராவது கேட்டார்களா என்று மின்சாரம் வாங்குகிற நாம் கேட்க வேண்டும். இந்த நடைக்கு நான் கொடுத்த 22 வெள்ளி இந்தக் கேள்விக்காகவே தகும்.

என் முடிவு இது. காற்றாலை வேண்டும். ஆனால் இதுவரை சாலை போகாத பொதுக் காட்டின் முகடு கடைசி இடமாக இருக்க வேண்டும். முதலில் ஏற்கெனவே வெட்டித் திருத்திய இடங்கள், பிறகு கடல், அதற்குப் பிறகுதான் அது. அப்படி வைத்தே ஆக வேண்டுமானால் நடப்பவர்கள் நிற்கும் இடத்திலிருந்து உண்மையான அளவில் படம் போட்டுக் காட்டட்டும். கழற்றும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டட்டும்.

இனி குறைகள். ஒரு குழுவுக்குப் பதினெட்டுப் பேர் அதிகம். ஃபாரஸ்ட் வாக்கில் ஓடுபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதில் பின்னால் இருந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதால் வெயிலில் பளபளத்துக் கண் கூசுகிறது. மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்காது, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை முன்பதிவின்போது தெளிவாகச் சொல்வதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மராங் படிகளைத் தவிர்த்து டாக்சியில் மேலே வந்து சேர்ந்துகொள்ளலாம். அதை நாங்கள் கேட்டபோதுதான் சொன்னார்கள். ஹோர்ட்பார்க் வருவதற்குள் என் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஒன்றரை லிட்டராவது கொண்டுபோங்கள்.

பெரிய குறை வேறு. காற்றாலையும் நடைபாதையும் ஒத்துப்போன இடங்களுக்கு ஒரு நிமிடம்தான் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் வைட்லீயில் 215 காற்றாலைகளுக்கு நடுவே 130 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, கிளாஸ்கோ மக்கள் சனி ஞாயிறு போய் நடக்கிறார்கள். வேல்ஸில் பென் அ கமோய்த் (Pen y Cymoedd) என்ற இடத்தில் அரசு நிர்வகிக்கும் காட்டு நிலத்திலேயே 76 காற்றாலைகள், 228 மெகாவாட். அங்கே நடப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் கேள்வி முழுமையாகாது. காற்றாலை கட்டும் வேலையில் இருந்த ஒருவரை ஒரு தடவையாவது கூட்டிவந்து பேசவைக்க வேண்டும். வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். ஆள் தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணே என்றார். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் காற்றாலை ஏற்றும் கிரேனுக்குப் போனார். அவருடைய எண்ணைத் தேடிக்கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர், நவம்பரில் பதிவு செய்யுங்கள், பருந்து வரும். வௌவாலைப் பார்க்க மாலை நடை ஒன்றும் தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு நாங்கள் இருவரும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டோம்.